நாலு சாவிக் கதவு

மூன்று பூட்டுகள் திறந்து தொங்கின. நான்காவதுதான் வாயைத் திறக்கவில்லை.

"பாய், உங்க சாவி?" என்றார் ஜவஹர்.

கலீமுல்லா சட்டைப்பையைத் தடவினார். பேன்ட்டின் இரண்டு பைகளையும் தடவினார். அதே வேகத்தில் பக்கத்தில் நின்ற மகேஷின் பையையும் தடவப் போனார். மகேஷ் விலகிக்கொண்டான்.

"இன்னா சார் இது, நேத்து பேன்ட் பாக்கெட்லதான் போட்டேன்."

"நேத்து போட்டிருந்தது இதே பேன்ட்டா?"

கலீமுல்லா குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார். கத்தி போல மடிப்பு நிற்கும் புதுப் பேன்ட். பெரிய மனுஷங்க வர்றாங்க என்று மனைவி ஜைதூன் பீ காலையில் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

"இல்ல சார்," என்றார், ஏதோ நோய் இருப்பதாக டாக்டர் சொன்னதுபோல.

மந்தைவெளியில், மெட்ரோ ரயில் நிலையம் எழும்பிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக ஒரு சின்ன கான்கிரீட் அறை. அதற்கு ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு மேலே காற்றுப் போக ஒரு கம்பி வலை. கதவைத் திறந்தால் படிக்கட்டு. படி இறங்கினால் ஜவஹரின் சுரங்கம்.

ரயில் ஓடும் சுரங்கம் அல்ல. அது வேறு ஆட்கள் கட்டுவது. அவர்களுக்குத்தான் மாலை, போட்டோ எல்லாம். ஜவஹர் கட்டியது அதை ஒட்டியே போகும் தம்பிச் சுரங்கம். குடிதண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள், இன்டர்நெட் வயர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, அவரவர் அடுக்கில். எதில் கோளாறு வந்தாலும் ஆள் உள்ளே நடந்து போய்ப் பார்த்துச் சரி செய்யலாம். மேலே ரோட்டைத் தொட வேண்டாம். மந்தைவெளியிலிருந்து கிரீன்வேஸ் ரோடு பக்கம் வரை போகிறது. அந்தக் கோடியில் இன்னும் படிக்கட்டு கூடப் போடவில்லை, ஏணிதான்; பார்க்க வருகிற பெரிய மனுஷர்களை அதில் இறங்கச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பக்கம் எல்லாம் முடிந்து, விளக்குப் போட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. தினமும் ஒரு தடவை உள்ளே இறங்கி ஒரு நடை போய்வந்தால்தான் ஜவஹருக்குச் சோறு இறங்கும்.

இன்று அதைப் பார்க்க வல்லுநர் குழு வருகிறது. ஓய்வு பெற்ற ஒரு தலைமைப் பொறியாளர் அம்மா அதற்குத் தலைவர். அவர் சரி என்று சொன்னால் தி. நகர், அடையாறு என்று மெட்ரோ போகும் இடமெல்லாம் இதே மாதிரி கட்டுவார்கள். சரியில்லை என்றால் இந்த ஒன்றோடு சரி.

ஜவஹருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவர் குடியிருப்பது இதே சாலையில், நாலு கட்டிடம் தள்ளி. இந்தச் சாலை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர்க்காரர்கள் தோண்டி மூடிய தார் காய்வதற்குள் கரண்ட்காரர்கள் தோண்டுவார்கள். அவர்கள் போட்ட ஜல்லி அமுங்குவதற்குள் இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். யார் தோண்டினாலும் திட்டு மட்டும் ஜவஹருக்கு. என்ஜினீயர் என்று ஒருவர் தெருவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு யாரைத் திட்டுவது?

அந்த ஆத்திரத்தில் ஒருநாள் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "இந்தச் சுரங்கம் முடிஞ்சப்புறம் இந்த ரோட்டுல ஒரு கடப்பாரை விழுந்தா நான் என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். எதிரே பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கும் ஜஹீதா அதை மறக்கவே இல்லை. ரோட்டில் யாராவது குச்சியால் கோடு போட்டால்கூட, "ஜவஹர் சார், புதுப் பேரு யோசிச்சு வெச்சுட்டீங்களா?" என்று கடைக்குள்ளிருந்தே கேட்பாள்.

கதவுக்கு நாலு பூட்டு என்பதும் ஜவஹரின் யோசனைதான். சாவி யாரிடம் இருப்பது என்று பெரிய சண்டை. தண்ணீர்த் துறை கலீமுல்லா தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். மின்சாரத் துறைப் பொறியாளர் தங்கம், திருநெல்வேலிக்காரி, "எங்க கேபிளு கெடக்க எடத்துல நாங்க அனுமதி கேட்டுக்கிட்டா நுழையணும்?" என்றாள். இன்டர்நெட் கம்பெனி மகேஷ் வாயைத் திறப்பதற்குள் இருவரும் அவனை உட்காரச் சொன்னார்கள். ஜவஹர் எழுந்தார். "ஆளுக்கு ஒரு பூட்டு, எனக்கு ஒண்ணு. நாலு பேரும் ஒண்ணா வந்தாத்தான் கதவு திறக்கும். இதுதான் ஒத்துமை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தங்கத்துக்குக் கண்கூடக் கலங்கியது.

அந்த ஒற்றுமை இப்போது ஒரு பேன்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

கலீமுல்லா ராயப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஜைதூன், ஒரு சாவி கீது. அர்ஜென்ட்டா வேணும்."

"எந்த சாவிங்க?"

"பூட்டு சாவிதான்!"

"எல்லா சாவியும் பூட்டு சாவிதாங்க. கொத்தா அனுப்பறேன், நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

பைக்கில் பார்சல் கொண்டுவரும் ஆள் ஒருவன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஜவஹருக்கு உயிர் வந்தது. கலீமுல்லா ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று நுழையவே இல்லை. ஒன்று நுழைந்து திரும்பவில்லை. ஒன்று நுழைந்து வெளியே வர மறுத்தது; தங்கம் பிடுங்கி எடுத்தாள்.

அதற்குள் ஜைதூன் பீயே கூப்பிட்டாள்.

"ஏங்க, கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு போட்டுட்டு, கம்பி வழியா அந்தக் கொத்தைக் குடுத்து அனுப்பிட்டேன். இப்ப நான் உள்ள மாட்டிக்கினேன்! சிலிண்டர்காரரு வெளிய நின்னுக்கினு கத்தறாரு!"

"அத விடு. என் பழைய பேன்ட் எங்க?"

"நேத்து போட்டிருந்ததா? அது வாஷிங் மெஷின்ல சுத்திக்கினு கீது."

கலீமுல்லா போனை மூடிக்கொண்டு ஜவஹரிடம் திரும்பினார். "சார், சாவி கெடச்சிடுச்சு. துவைச்சுக்கினு கீறாங்க."

"ப்ராப்ளமே இல்ல சார்," என்றான் மகேஷ். அவன் வயதுக்கு உலகத்தில் எதுவும் ப்ராப்ளமில்லை. "நான் பைக்ல போயி, இந்தக் கொத்தைக் குடுத்து அவங்களை வெளிய வுட்டுட்டு, மெஷின்ல இருந்து சாவியை எடுத்தாந்துர்றேன்."

அவன் வண்டியில் ஏறியபோது தங்கம் தடுத்தாள். "ஏ தம்பி, மூணு பூட்டையும் தொறந்து போட்டுட்டா போவ? உள்ள எம்புட்டு செம்புக் கம்பி கெடக்கு தெரியுமா? எவனாவது வந்து உருவிட்டுப் போனா நான்லா பதில் சொல்லணும்? உம் பூட்டைப் பூட்டிட்டுப் போ."

"மேடம், பாய் பூட்டு பூட்டித்தானே இருக்கு. அது ஒண்ணு போதாதா?"

"அவுக பூட்டை நம்பி எங்க கேபிளை விட முடியாது, பாத்துக்கிடு."

சொன்னதோடு நிற்காமல் தன் பூட்டைத் தானே அழுத்திப் பூட்டினாள். மகேஷும் தன்னுடையதை டக்கென்று அழுத்திவிட்டுப் பறந்தான். ஜவஹருக்கு அது சரியாகவே பட்டது. பொறுப்பான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்.

குழுவோடு வேனில் வந்துகொண்டிருந்த அனுப்ரியாவுக்குப் போன் போட்டார். அவள் திட்ட அலுவலகத்தில் இருப்பவள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து குழுவை அழைத்துவரும் பொறுப்பு அவளுக்கு.

"சார், தி. நகர்ல அப்படியே நிக்குது சார். இப்படி வந்தா சாயங்காலம்தான். வண்டியைத் திருப்பி அடையாறு சுத்தி வந்துர்றோம்."

"மெதுவா வாங்கம்மா," என்றார் ஜவஹர். குரலில் அவ்வளவு அன்பு. "அவசரமே இல்ல. வழியில இளநீர் எல்லாம் வாங்கிக் குடுங்க."

கொஞ்ச நேரத்தில் மகேஷ் கூப்பிட்டான்.

"சார், வந்துட்டேன். அவங்களை ரிலீஸ் பண்ணிட்டேன். சிலிண்டரும் உள்ள வெச்சுக் குடுத்தேன். ஆனா மெஷின் கதவு தொறக்கல. முழுசா முடியற வரைக்கும் அது லாக்ல தான் இருக்குமாம்."

"அதுவும் பூட்டா!"

"கண்ணாடி வழியா தெரியுது சார். சாவி சுத்துது. டீ குடுத்திருக்காங்க, குடிச்சிக்கினே வெயிட் பண்றேன்."

ஜவஹர் போனை வைக்கப் போனபோது ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. "மகேஷ், உன் சாவி எங்க இருக்கு?"

எதிர்முனையில் வாஷிங் மெஷின் சத்தத்தோடு டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது.

"என் பாக்கெட்ல சார்."

ஆக, காலையில் ஒரு பூட்டு திறக்கவில்லை; இப்போது இரண்டு. இனிமேல் அறுப்பதுதான் வழி என்றாள் தங்கம். பக்கத்துத் தெரு வெல்டிங் கடைக்காரர் கையில் அறுக்கும் மெஷினோடு வந்து நின்று, "எந்தப் பூட்டு சார்?" என்றார்.

"அவருது," என்றாள் தங்கம்.

"எதுக்கு என்னுது?" கலீமுல்லாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மகேஷ் பூட்டை அறுங்க."

"ரெண்டையும்தான் பாய் அறுக்கணும்," என்றார் ஜவஹர்.

"அறுங்க சார். ஆனா மொதல்ல அவனுது. எங்க டிபார்ட்மென்ட் பூட்டைத்தான் மொதல்ல ஒடைச்சாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

வெல்டிங் கடைக்காரர், "பிளக் எங்க சார் இருக்கு?" என்றார்.

பிளக் பாயின்ட் இருந்தது. அருமையான பிளக் பாயின்ட்டுகள், வரிசையாக, சுரங்கத்துக்கு உள்ளே.

ஜவஹர் தங்கத்தைப் பார்த்தார். தங்கம் தலையைப் பலமாக ஆட்டினாள். "ரோட்டுக் கம்பத்துல கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டு எடுக்கச் சொல்லுதீங்களா? நானே? என் வேலை இருக்கணுமா வேண்டாமா?"

கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்று தள்ளுவண்டியில் வந்தது. அது ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. சாலையிலிருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஜஹீதாவும் கழுத்தில் டேப்போடு கடையைவிட்டு வந்துவிட்டாள்.

"இன்னா சார், இன்னிக்கு விசேஷமா?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்லம்மா, சின்ன வேலை!" என்று ஜவஹரும் கத்தினார்.

அறுக்கும் மெஷின் பூட்டின் மேல் உட்கார்ந்தது. தீப்பொறி தீபாவளி போலப் பறந்தது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். அறுக்கும் தட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. பூட்டின் மேல் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. இன்னொரு தட்டை மாட்டினார். அதுவும் போயிற்று.

வெல்டிங் கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பூட்டை மரியாதையாகப் பார்த்தார். "சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு பூட்டைப் பார்த்ததில்ல. யாரு சார் வாங்கினது?"

"நான்தான்," என்றார் ஜவஹர். அவ்வளவு தவிப்பிலும் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "நாலும் ஒரே ரகம். நானே தேடிப் பிடிச்சு வாங்கினேன்." சொல்லி முடித்ததும்தான் நிலைமை ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி கூப்பிட்டார். ஜவஹர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தைவிட்டு விலகிப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கதவை விடுங்க ஜவஹர். குழாய் எல்லாம் உள்ள இறக்க ரோட்டு நடுவுல ஒரு பெரிய வாய் வெச்சிருந்தோமே, அதை மூடி மேல தார் போட்டாச்சு இல்ல? அதைத் திறந்துடுங்க. ஸ்டேஷன் வேலையில நிக்கிற ஜேசிபியை அனுப்பறேன். தாரைக் கிளப்பி மூடியைத் தூக்கினா அப்படியே உள்ள இறங்கிடலாம். குழு போனதும் மூடிக்கலாம்."

"சார், ரோட்டைத் தோண்டச் சொல்றீங்களா?"

"தோண்டறதா? சும்மா கொஞ்சம் திறக்கறோம்."

போனை வைத்தபோது திரையில் அனுப்ரியாவின் அழைப்பு ஒன்று, எடுக்காமல் விட்டது, தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. நல்லவேளை, எங்கேயோ நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நிம்மதியானார்.

நிம்மதி ஜேசிபி வரும்வரைதான். மஞ்சள் நிறத்தில், ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு அது சாலைக்குள் திரும்பியதுமே கூட்டம் அமைதியானது. இந்தச் சாலைக்காரர்களுக்கு அந்த வண்டியைத் தெரியும். அதன் சத்தத்தை வைத்தே எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சரியாக அப்போதுதான் ஜவஹரின் மனைவி ஷண்முகப்ரியா பெரிய பாத்திரம் நிறையக் கேசரியோடு வந்து சேர்ந்தாள். குழுவுக்கும் தெருவுக்கும் சேர்த்துக் கிண்டியது. முந்திரி தாராளம். ஜேசிபியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

ஜஹீதாதான் கேட்டாள். இந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் ஜவஹருக்கு என்னவோ செய்தது.

"சார், தோண்ட மாட்டோம்னு சொன்னீங்களே. நான் கடைக்கு வெளிய கண்ணாடி ஷோகேஸ் கூட வெச்சுட்டேன். நீங்க சொன்னதை நம்பித்தான் சார் வெச்சேன்."

ஜவஹர் திரும்பி அந்த ஷோகேஸைப் பார்த்தார். உள்ளே ஒரு பட்டு பிளவுஸ், கையில் ஜரிகை வேலையோடு. கண்ணாடியில் தூசியே இல்லை. அந்தச் சாலையில் இத்தனை வருஷத்தில் தூசி இல்லாத ஒரு கண்ணாடியை அவர் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். மழை பெய்தால் எங்கே பள்ளம் என்று தெரியாமல் ஜனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த இடத்தில், இப்போது ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டே, குனிந்து பார்க்காமல் நடந்து போனார். ரோட்டைப் பார்க்காமல் நடக்கிற ஒரு மனுஷர்! இதற்காகத்தானே அந்த இருட்டிலும் சேற்றிலும் நின்றோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஜேசிபியின் கை மெல்ல இறங்கியது.

ஜவஹர் போய் அதற்கு முன்னால் நின்றார்.

"தள்ளுங்க சார்!" என்று டிரைவர் கத்தினார்.

"முடியாது!"

மேலதிகாரி மறுபடியும் போனில். ஜவஹர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தச் சத்தத்தில் வேறு வழியில்லை.

"என்ன ஜவஹர், திறந்தாச்சா?"

"சார், இந்த ரோட்டைத் தோண்ட நான் விட மாட்டேன்!" என்று ஜவஹர் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"குழு வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவீங்க?"

"சாவி இல்லைன்னு சொல்றேன் சார். சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நாலு பூட்டுப் போட்டது என் தப்பு, அதை நான் வாங்கிக்கிறேன். ஆனா ரோட்டைக் கிழிச்சு வெச்சுட்டு, பக்கத்துல நின்னு, இது தோண்டவே தேவையில்லாத ரோடுன்னு என்னால சொல்ல முடியாது சார். உள்ள இருக்கிறது பாத்துப் பாத்துக் கட்டின சுரங்கம். இதே தெருவுல குடியிருந்துக்கிட்டு, இத்தனை பேரோட திட்டையும் வாங்கிக்கிட்டுக் கட்டியிருக்கேன். ஒரு சொட்டு கசியாது. அது இன்னிக்கு யார் கண்ணுலயும் படலைன்னா பரவாயில்ல. இந்த ஜனங்க கால் வெக்கிற இடம் இப்படியே இருக்கணும்."

ஷண்முகப்ரியா நடந்து வந்தாள். கேசரிப் பாத்திரத்தை ஜேசிபியின் முன்சக்கரத்துக்கு எதிரே, ரோட்டில், பத்திரமாக இறக்கி வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அண்ணே, சூடா இருக்கு. சிந்திடாம பாத்துக்குங்க," என்றாள் டிரைவரிடம்.

கலீமுல்லா புதுப் பேன்ட்டின் மடிப்பு கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்ந்து வந்தார். "இன்னாபா பாத்துக்கினு கீறே? இந்த ரோட்டை நான் எத்தினி தபா தோண்டிக்கீறேன்னு எனக்கே தெரியாது. போதும்பா. இதுக்கு மேல என் மேல ஏத்திட்டுத் தோண்டு!"

"நானும்தான் தோண்டிருக்கேன்," என்று தங்கம் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒருக்க நான் மூடிட்டுப் போன மறுநாளே இவுக வந்து தோண்டுனாக. அன்னைக்கு நான் பேசுன பேச்சு இவுகளுக்குத் தெரியாது."

"தெரியும் மேடம். உங்க ஆளுங்க சொன்னாங்க."

"தெரியுமா? சரி, இருக்கட்டும். இப்ப ஒண்ணாத்தான நிக்கோம்."

ஜஹீதா டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு நீட்டி, ஜேசிபிக்குக் குறுக்கே கயிறு கட்டியதுபோல நின்றாள். பேப்பர் படித்துக்கொண்டு போன பெரியவர் திரும்பி வந்தார். வெல்டிங் கடைக்காரர் வந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கினார்கள். ஒரு கதவுக்கு நாலு பேரைச் சேர்க்க முடியாமல் காலையிலிருந்து அல்லாடிய ஜவஹர், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆள் நின்றது.

மேலதிகாரி போனில் செருமினார். "வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க ஜவஹர்," என்றார். கொஞ்சம் விட்டு, "நானும் மந்தைவெளியில குடியிருந்தவன்தான்," என்று சேர்த்துக்கொண்டார்.

ஜேசிபி டிரைவர் கையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து, கேசரிப் பாத்திரத்தின் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். வெல்டிங் கடைக்காரர் போய் ஜெனரேட்டரை அணைத்தார். அத்தனை நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றதும், எங்கேயோ ஒரு காகம் கரைவது கூடக் கேட்டது.

கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது.

டொக். டொக். டொக்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் கான்கிரீட் அறையிலிருந்து வந்தது. இரும்புக் கதவுக்குள்ளிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலீமுல்லா ஒரு அடி பின்னால் போனார். தங்கம் மட்டும் தைரியமாக அருகே போய், "உள்ள யாரு?" என்று அதட்டினாள்.

கம்பி வலை வழியாக ஒரு பெண் குரல் வந்தது.

"நான்தான் மேடம், அனுப்ரியா! அடையாறு சுத்தி வந்தோமா, வழியில கிரீன்வேஸ் ரோடு ஏணிதான் முதல்ல வந்துச்சு, தலைவரம்மா முதல் ஆளா இறங்கிட்டாங்க. மொத்தக் குழுவும் சுரங்கத்தை முழுசா நடந்து பார்த்து, இந்தப் படியில உக்காந்து சார் கத்திப் பேசினதையும் கம்பி வலை வழியா கேட்டு, ஊர் முழுக்க இதையே கட்டலாம்னு முடிவு பண்ணியாச்சு. ஒரே ஒரு திருத்தம்தான் சொல்றாங்க, கதவுக்கு ஒரு பூட்டு போதுமாம்!"